ஏழு மணி ஜெபத்தில் வந்த அழைப்பு

ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் என் அம்மா புளிய விளாறால் தொடையில் ஒரு இழுப்பு இழுப்பாள். "ஆண்டவருகிட்டப் பேசிக்கிட்டிருக்கையில என்னடி வேடிக்க?" என்பாள். அப்படி வளர்ந்தவள் நான். முக்காடு போட்டுக் கண்ணை மூடிவிட்டால், 'ஆமென்' வரும்வரை தேளே கொட்டினாலும் அசைய மாட்டேன். எம்.ரெட்டியபட்டியில் இதைச் சொல்லி என்னைக் கேலி பண்ணாத ஆளில்லை. அதிகம் கேலி பண்ணியது என் வீட்டுக்காரர்தான்.

அவர் அருப்புக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது ஆட்டோ நின்றது. நான் வேலை பார்த்த சத்துணவுக் கூடம் மூடிக் கிடந்தது. சர்ச்சும் பூட்டு. முந்தாநாள் பால் கடையில் சிரித்துப் பேசியவரை மூட்டையாகக் கட்டி வேனில் கொண்டுவந்தார்கள். அடுத்து யார் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் பாஸ்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்தாறு பெண்களைப் போனில் ஒன்றாக இணைத்து ஜெபம். சும்மா சொல்லக்கூடாது, நாள் முழுக்கப் பயந்து செத்த எனக்கு அந்த அரைமணி நேரம்தான் மூச்சு விடுகிற நேரம்.

பிறகு என் வீட்டுக்காரருக்கே காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் மூச்சு வாங்கவும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூட இருக்க என்னை விடவில்லை. வாசலில் நின்று கத்தினேன். "நீ போ. இங்க நின்னா டாக்டருகிட்ட சண்டதான் போடுவ. வீட்டுல இருந்து ஜெபம் பண்ணு, அது போதும்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெபம் முழுக்க அவருக்காகத்தான். பாஸ்டரம்மா உருகிக்கொண்டிருக்கிறார். என் காதில் டொக், டொக் என்று இன்னொரு அழைப்பு வருகிற சத்தம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நேரங்காலம் தெரியாமல் எவன் கூப்பிடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இன்னும் இறுக்கி மூடினேன். சத்தம் நின்றது. 'ஆமென்' போட்டுவிட்டுப் போனைப் பார்த்தேன்.

அவர் கூப்பிட்டிருந்தார்.

உடனே போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். கடைசியில் ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுநாள் காலையில் ஒரு பெண் வேறு நம்பரிலிருந்து பேசினாள். அவர் பெயரைச் சொல்லி, "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?" என்றாள். "சம்சாரம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தையும் எனக்கு ஞாபகமில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகமிருக்கிறது. என் மகள் வந்துதான் அடுப்பை அணைத்தாள்.

முகம்கூடப் பார்க்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தலைமுதல் கால்வரை உடுப்பு மாட்டிய நான்கு பேர் அவரை இறக்கினார்கள். பாஸ்டர் தூரத்தில் நின்று ஜெபித்தார். அன்றைக்கு நான் கண்ணை மூடவில்லை. பாஸ்டரம்மா அதைப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஏழு மணி அழைப்பை நான் எடுக்கவே இல்லை. பேயறைந்தவள் மாதிரி கிடந்தேன். என் புருஷன் கடைசியாக என்னைத் தேடியபோது, அவரைக் காப்பாற்றச் சொல்லி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆண்டவரும் காப்பாற்றவில்லை, இவரிடமும் நான் பேசவில்லை. இரண்டும் கெட்டேன். எதற்குக் கூப்பிட்டார்? தண்ணீர் கேட்டாரா? பயந்தாரா? நான் எடுக்கவில்லை என்று மனசு வெறுத்துப் போனாரா? சோற்றில் கை வைத்தால் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும்.

பஸ் ஓடத் தொடங்கிய வாரம் ஒரு பாய் வீடு தேடி வந்தார். அருப்புக்கோட்டையில் வத்தல் வியாபாரமாம். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டிலாம். பையிலிருந்து ஒரு செல்போன் சார்ஜரை எடுத்து நீட்டினார்.

"அண்ணனோடதும்மா. எனக்கு இரவல் தந்தாக. அமானிதம், நம்பிக் குடுத்த பொருளு, நான் வச்சுக்கக் கூடாது."

நான் அதை வாங்கவில்லை. "அன்னைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் போட்டாக. என்னத்துக்குன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"பக்கத்துலதான கெடந்தேன். பெரிய மிசினு வைக்க உள்ள கொண்டுபோகணும்னுட்டாக. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னு போட்டாக. ரிங்கு முழுசாப் போச்சு, நீங்க எடுக்கல."

அப்போதுதான் அந்தச் சார்ஜரைக் கை நீட்டி வாங்கினேன்.

"இன்னொருவாட்டி போடுங்கண்ணேன்னு சொன்னேன். மணியப் பாத்தாக. அந்த மூச்செரப்புலயும் சிரிச்சாக. 'ஏழேகாலு. ஜெபத்துல இருப்பா. தேளு கொட்டுனாலும் எடுக்க மாட்டா. எனக்காகத்தான் கேட்டுக்கிட்டிருப்பா'ன்னாக. போன நெஞ்சுல வச்சுக்கிட்டு அவுகளும் கண்ண மூடிக்கிட்டாக. ஆளுக வந்து கட்டிலத் தள்ளப் போகையில, 'செத்தப் பொறுங்க, ஆமென் சொல்லிக்கிறேன்'னாக. சொல்லிட்டுத்தான் போனாக. அவுக பயப்படலம்மா. நான்தான் பயந்துகிட்டுக் கெடந்தேன்."

அன்றுவரை வராத அழுகை அப்போது வந்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டு, நான் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு ஏழு மணிக்குப் பாஸ்டரம்மாவின் அழைப்பை எடுத்தேன். ஆண்டவர்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்றால் அது பொய். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக ஒரே நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறோம். அந்த இடத்தை விட்டால் எனக்கும் போக்கிடம் இல்லை.

இப்போதும் தினமும் ஜெபிக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு. நடுவில் யார் கூப்பிட்டாலும் எடுத்துவிடுவேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். அவர் எங்கேயும் போகப்போவதில்லை.