படுவான்கரை நாயும் பேத்தை மீனும்

இன்று சந்தையில் ஒரு பேத்தை மீன் வயிற்றை ஊதிக்கொண்டு கூடையில் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பிள்ளைகளின் பெயர் வாசித்து இடாப்புக் கூப்பிடுகிற எனக்கு உடனே பழைய வரவொன்று மனதில் ஓடியது. அம்மா, பெரியக்கா, நான் வீட்டில். அப்பா கடலில். பெரியக்காவை முடித்த அத்தான் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், நெல் சூடடிப்பில். அத்தானின் நாய் முருங்கையடியில்.

எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அத்தான் ஒரு பெட்டகத்தோடும் செம்பன் என்ற நாயோடும் வந்தார். நாயை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, சொல்லவும் வழியில்லை. புது மருமகனுக்கு முன்னால் மாமி வரக்கூடாது, பேசவும் கூடாது. கதவு மறைவில் நின்று, "சோறு ஆறுதெண்டு சொல்லு" என்பார். நான் முற்றத்தில் இருக்கும் அத்தானிடம் போய்ச் சொல்வேன். அவருக்கு முதலே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லும்வரை எழும்பமாட்டார்.

பேத்தையின் ஈரலும் முட்டையும் நஞ்சு. அம்மா அவற்றை எடுத்து முருங்கையடியில் புதைத்துவிட்டுத்தான் கறி கூட்டுவார். எங்கள் ஊர் நாய்கள் அந்தப் பக்கம் மூக்கைக்கூட நீட்டா. செம்பனோ வயலில் எலியும் நரியும் பார்த்து வளர்ந்தவன். அன்று தோண்டித் தின்றுவிட்டான்.

வாயில் நுரை வந்தது. பிறகு பின்னங்கால்கள் மடிந்தன.

"ஐயோ, அவர் வந்தா நான் என்னெண்டு முகம் குடுப்பன்? நீங்கதான் நஞ்சு வெச்ச எண்டு நினைச்சு அக்கரைக்கே போயிருவார்!" என்று அக்கா அம்மாவைப் பார்த்து அழுதாள்.

"வாயை மூடு கா, புள்ள. வாயில்லாச் சீவனுக்கு நான் நஞ்சு வைப்பனா?"

என்று அம்மா செம்பனுக்குப் பக்கத்தில் குந்தினார். செம்பனைப் பீடை என்று அவர் ஏசாத நாளில்லை, அயலெல்லாம் கேட்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நானல்லவா! உப்புத் தண்ணீர் பருக்கினால் வாந்தி வரும் என்று சுகாதாரப் பாடத்தை எடுத்துவிட்டேன். சிரட்டையில் கரைத்தும் வந்தேன். செம்பனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அக்கா சிரட்டையைத் தட்டிவிட்டாள்.

"மூச்சுக்குள்ள போனா இப்பவே செத்துரும்! உன்ட பாடத்தைக் கொண்டுபோய் வாத்தியாருக்குப் பருக்கு."

தானாகவே ஒருதரம் சத்தி எடுத்தான். பிறகு அசைவில்லை; கண் மட்டும் திறந்திருந்தது. அம்மா அவன் தலையைச் சரித்துப் பிடித்து, நுரையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, சுளகால் விசிறினார். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

பொழுதுபட அத்தான் வந்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதைப் போய்ச் சொல்லவேண்டும் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவு மறைவுக்குப் போகவில்லை. நாயின் தலையை மடியில் வைத்தபடியே அத்தானை நிமிர்ந்து பார்த்தார்.

"மருமகன், பேத்தை முட்டையைத் திண்டிட்டு. குழியை நான் ஆழமாத் தோண்டல்ல. ஏசினது மெய்தான். நஞ்சு வைக்கல்ல."

அத்தான் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். நான் ஒரு பக்கம் ஒதுங்கினேன். அவர் மெல்லக் குந்தினார்.

"சுளகைத் தாங்க மாமி. உங்கட கை நோகும்."

விடியும்போது செம்பன் வாலை அசைத்தான்.

அதன்பிறகு அம்மா அத்தானோடு பேசத் தொடங்கியவர், நிறுத்தவேயில்லை. வயல்காவல் என்று சாட்டுச் சொல்லி அத்தான் அக்கரைக்கு ஓடியதும் உண்டு. இன்று அம்மாவும் இல்லை, செம்பனும் இல்லை. மாமிமார் மருமகனுக்கு எதிரே கதிரை போட்டிருந்து சம்பளம் விசாரிக்கிறார்கள். கதவு மறைவிலிருந்து வரும் அந்தத் தாழ்ந்த குரலை எந்த வீட்டிலும் கேட்க முடிவதில்லை.

செம்பன் பிழைத்ததில் எங்களுக்கு ஆன முழுச் செலவு, ஒரு பானைச் சோறும் என் தூது வேலையும்.