இறக்கையில் ஏறிய இரண்டு கிலோ

ஃபைபர் வேலை பார்க்கிறவனைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். பேச்சை நிறுத்தினாலும் சொறிவதை நிறுத்த மாட்டான். முழங்கையில் கண்ணாடி இழை குத்திக்கொண்டு திரியும் சகோதரர்களே, நான் பட்டதெல்லாம் நீங்களும் பட்டிருப்பீர்கள். விமானம் மட்டும் உங்கள் பக்கம் வந்திருக்காது.

தொட்டிக்காரனைத் தேடி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் என் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, சீசனுக்குக் கடை வாசலில் நிறுத்தும் ஆளுயரப் பலாப்பழம், இவைதான் பிழைப்பு. ஒருநாள் அச்சன்புதூர் மைதீன் பாய் வந்தார். துபாயில் இருபது வருஷம் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவர், நல்ல கனத்த உடம்பு. தன் குடோனில் தன் கையாலேயே ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். நுரைப்பலகையை இறக்கையாக வெட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியை ரெசினால் ஒட்டியிருந்தார். துணியின் நெசவு தெரியாமல் வழவழவென்று ஆக்கித் தருவது என் வேலை.

ஒரே ஒரு நிபந்தனை. எடை ஏறக் கூடாது. அவரையும் சேர்த்து மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டாம், அதைத் தாண்டினால் பறக்க அனுமதி கிடையாதாம். "நான் தொட்டி செய்யுதவன் பாய்" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை.

"தொட்டி தண்ணியத் தாங்கணும், இது என்னையத் தாங்கணும். அவ்வளவுதாம்லே வித்தியாசம்."

ஒரு மூடி கூட

சாரல் விழுந்தால் ஊரே கொண்டாடும். நான் ஒருவன்தான் வானத்தைத் திட்டுவேன். ஈரக் காற்றில் ரெசின் லேசில் இறுகாது. தொட்டி ரெசினுக்கு நம்மிடம் கைவைத்தியம் உண்டு. ஹார்டனரை ஒரு மூடி கூட ஊற்றினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பாய் கொடுத்ததோ எபாக்ஸி. அதைத் தராசில் வைத்து அளந்துதான் கலக்க வேண்டும். கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகுவது இருக்கட்டும், ஒழுங்காக இறுகவே இறுகாது. டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்கிற பழக்கம் எனக்கு ஏது? ஒரு மூடி கூட ஊற்றினேன்.

மூன்று நாள் கழித்தும் இறக்கை நுனி பலாப்பால் மாதிரி கையில் ஒட்டியது. அத்தனையையும் சுரண்ட வேண்டியதாயிற்று. பாய் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரும் சுரண்ட உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

"துபாய் வெயில்ல வேகும்போது இந்தச் சாரலத்தாம்லே நெனச்சுக்கிட்டே கெடந்தேன். இப்ப இதுவே நமக்கு எதிரியா வந்து நிக்குது."

ஊறப்போட்ட சட்டை

உப்புத்தாளால் தேய்த்த தூசியோடு வந்த சட்டையை, புத்தி கெட்டுப்போய், மனைவியின் சேலைகளோடு ஊறப்போட்டேன். மறுநாள் சொந்தத்தில் கல்யாணம். பந்தியில் அவளுக்கு ஒரு கை இலையில், ஒரு கை முதுகில்.

"ஏரோப்பிளேனுக்கு ஒரு குடோனு வச்சிருக்காருல்லா, ஒங்க சட்டைக்கும் அங்கனயே ஒரு கொடி கட்டித் தரச் சொல்லுங்க அந்த பாய."

டியூப்லைட் சோதனை

ரெசினில் வெள்ளைத் தூளைக் குழைத்துப் பள்ளங்களில் பூசுவோம்; நாங்கள் அதை மாவு என்போம். காய்ந்ததும் தேய்த்து, பெயிண்ட் அடித்து, டியூப்லைட்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதன் பிம்பம் வளையாமல் விழுந்தால் வேலை சுத்தம். எனக்கு அது ஒரு வெறி. வளைந்த இடத்திலெல்லாம் மாவு, மறுபடி மாவு. கடைசியில் இறக்கையைப் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது.

வாழைத்தார் மண்டித் தராசில் இரண்டு இறக்கையையும் ஏற்றினோம். பக்கத்துக்குப் பக்கம் சமம்தான், மொத்தத்தில் மூன்று கிலோ கூடுதல்! மற்றதெல்லாம் ஏற்கெனவே எல்லையில் நின்றது. தேய்த்துத் தேய்த்து ஒரு கிலோவைக் குறைத்துத் திரும்பப் பூச்சுப் போட்டேன். அதற்குமேல் போனால் துணி அறுபடும், இறக்கையின் பலமே அதுதான். ஒரு மனுஷரின் இத்தனை வருஷ ஆசையை என் மேனாமினுக்கி வேலை தரையில் கட்டிப்போட்டுவிட்டதே என்று அழுகையே வந்தது. பாய் இறக்கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அழகாத்தாம்லே இருக்கு. அழகுக்கு இவ்வளவு வெயிட்டு இருக்கும்னு நமக்குத் தெரியாமப் போச்சு."

பெல்ட்டில் புது ஓட்டை

ஒன்றரை மாசம் ஆள் வரவில்லை. போன் போடவும் எனக்குத் தைரியமில்லை. பிறகு ஒரு காலையில் இறக்கைகளை ஏற்றிக்கொண்டு போக மினி லாரியோடு வந்து இறங்கினார். கன்னம் ஒட்டியிருந்தது, சட்டை தொளதொளத்தது, பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. ஏதும் சீக்கு வந்துவிட்டதோ என்று பதறிப்போய், "என்ன பாய் ஒடம்புக்கு?" என்றேன். பரோட்டாவும் பிரியாணியும் விட்டு மாசம் ஒன்றாகிறதாம்.

"ரெண்டு கிலோதானலே? நான் நாலு கொறச்சிட்டேன். ஒன் பளபளப்புல இனிமே எவனும் உப்புத்தாள் போடப்படாது."

முப்பது வருஷமாக அடுத்தவர் பிழைகளை மாவு பூசி மூடியிருக்கிறேன். என் பிழையை ஒருவர் பரோட்டாவை விட்டு மூடியது இதுதான் முதல் தடவை.