றோட்டரில் ஒரு பென்சில் கீறு

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், ஹெலிகொப்டர் எஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. முதல் இரண்டு வருடமும் பாகங்களைக் கழுவும் பகுதியில் கிடந்தேன். பிறகுதான் றோட்டரைச் சமப்படுத்தும் மெசினையும் என் இலக்கம் பொறித்த முத்திரையையும் தந்தார்கள். அந்த முத்திரை விழாமல் ஒரு றோட்டரும் அங்கிருந்து நகராது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

றோட்டர் என்பது எஞ்சினுக்குள் சுழலும், ஓரமெல்லாம் தகடு செருகிய உலோகச் சில்லு. ஒரு பக்கம் இம்மியளவு பாரம் கூடினாலும் எஞ்சின் நடுங்கும். மெசினில் சுழற்றினால் பாரம் எங்கே என்று திரை காட்டும். அந்த இடத்தை அடையாளம் வைத்து, மெல்லத் தேய்த்துக் குறைக்கவேண்டும். அடையாளம் வைக்கத் தனிப் பேனை உண்டு. பென்சில் படவே கூடாது. எஞ்சின் சூட்டில் அதன் கரி உலோகத்துக்குள் இறங்கினால் வெடிப்பு விழும்.

நான் ஊரில் கட்டடப் படம் வரைகிற கந்தோரில் வேலைக்கு இருந்தவன். காதில் பென்சில் இல்லாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், முத்திரை குத்தி றோட்டரை அனுப்பிவிட்டுப் பார்க்கிறேன், பேனை மூடியோடு கிடக்கிறது. கையில் பென்சில். நாசமாய்ப் போச்சு என்று தலையில் கைவைத்தேன்.

பக்கத்து மெசினில் ஒரு மட்டக்களப்புக்காரர். ஸ்காபரோவிலிருந்து அவருடைய காரில்தான் வேலைக்கு வருவேன். அவரும் கண்டுவிட்டார்.

“பேசாம இரிங்க அண்ணன். ஆருக்குத் தெரியப்போகுது?”

என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஹெலிகொப்டரில் ஆட்கள் பறக்கிறவர்கள் என்று சினந்து விழுந்தேன். சினந்தேனே தவிர, உடனே எழும்பவில்லை. அரை மணித்தியாலம் முத்திரையை உள்ளங்கையில் பொத்தியபடி இருந்துவிட்டுத்தான் எங்கள் பகுதியை மேற்பார்க்கிற போர்மனிடம் போனேன்.

போர்மன் சத்தம் போடவில்லை. றோட்டரைத் திருப்பி எடுப்பித்தார். முத்திரையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். திங்கள் முதல் கழுவும் பகுதிக்குப் போகச் சொன்னார். என் மெசின் மட்டக்களப்புக்காரருக்குப் போயிற்று. எனக்கு வயிறெரிந்தது, அதை மறைப்பானேன்.

திங்கள் பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மனைவி என் கையை மணந்து பார்த்தாள். ஏன் திரும்பவும் கழுவுகிற மருந்து மணக்கிறது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

“சொல்லாம விட்டிருந்தா?”

“முத்திரை இருந்திருக்கும்,” என்றேன். “ஒவ்வொரு ஹெலிகொப்டர் சத்தத்துக்கும் வெளியில ஓடிப்போய் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்.”