டில்லிக்குப் போன ஒன்பது பேர்

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்பது பெண்பிள்ளைகள் டில்லி பார்க்கப் போனோம். எட்டுப் பேர் திரும்பி வந்தோம். ஒன்பதாமவள் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை எடுத்தாலே கேட்கிறவர்களின் முகம் செத்த வீட்டுக்குப் போகிற முகமாகிவிடுகிறது. அவளைத் தலைமன்னார்த் துறையில் இறங்க விடவில்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைச் சுற்றித்தான் நான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலத்தில் புவியியல் ரீச்சருக்கு எப்படித்தான் டில்லி எண்ணம் வந்ததோ. சென்னையில் படித்தவர் அவர். "சுவரில தொங்கிற படத்தைப் பாத்து எவ்வளவு காலம் படிக்கிறது? ஒருக்கா இறங்கி நடந்து பாப்பம்" என்றார். வகுப்பு ஒரு கிழமைக்குப் படிக்கவே இல்லை.

அவள் என் பக்கத்துக் கதிரை. கணக்கில் எப்போதும் முதலாவது, அதனால் அவளுடைய செலவை மடத்துச் சிஸ்டர்மார் ஏற்றுக்கொண்டார்கள். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அவருடைய தகப்பன், வெள்ளைக்காரன் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் கட்டிய காலத்தில் இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர். அவளும் அவள் தகப்பனும் பிறந்தது திருகோணமலையில்தான். ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் அவர்கள் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்களாகப் போனார்கள். பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசி ஆட்களைப் பங்கு பிரித்தபோது அந்தக் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. என்றோ ஒரு நாள் போகத்தான் வேண்டும். அந்த நாள் வருவதற்குள் மகள் படித்துவிடுவாள், சட்டமும் மாறிவிடும் என்று தகப்பன் நம்பிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு அதெல்லாம் விளங்கவில்லை. பாஸ்போர்ட்டுக்காக நாங்கள் எட்டுப் பேரும் படம் பிடித்து, படிவம் நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருந்தோம். அவளிடம் மட்டும் முன்னமே இருந்தது. பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர்களுக்கு ஒரு வழக்கம். தந்தியோ, அரசாங்கக் கச்சேரிக் கடிதமோ, இங்கிலீசில் எது வந்தாலும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். அவர் இல்லாத நேரம் நான் வாசிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "நல்லதோ, கெட்டதோ?" அது ஒன்றுதான் கேள்வி. அதனால் நானும் முழுக்க வாசிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். மேலே இரண்டு வரி, கீழே கையெழுத்து, நடுவில் ஒரு ஊகம். அதுவரை அது பிழையாய்ப் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, அவளும் தகப்பனும் வந்தார்கள். சேட்டுப் பையிலிருந்து, பொலித்தீனில் சுற்றிய பாஸ்போர்ட்டை அவர் எடுத்தார்.

"பாப்பா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. போனா திரும்பி வர விட்டுருவாங்கல்ல?"

இலங்கை முத்திரை குத்திய பக்கத்தைத் திறந்தேன். மேலே அடுத்த வருடத்துத் தேதி ஒன்று. அதுவரை இங்கே இருக்கலாம். அதன் கீழே இன்னொரு வரி, மை ஊறிப் பரவிக் கிடந்தது. வாசிக்க முடியாத வரியல்ல. யன்னலடிக்குக் கொண்டுபோயிருந்தால் வாசித்திருப்பேன். அவள் தகப்பனுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாமல் டில்லிக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

"நல்லதுதான் மாமா. அடுத்த வருசம் மட்டுக்கும் இருக்கலாம்."

"நீ சொன்னாச் சரி" என்று அவர் பழையபடி சுற்றி வைத்தார்.

விசாவுக்காக எங்கள் பாஸ்போர்ட்டுகள் கொழும்புக்குப் போயின. இந்தியாவுக்குப் போக அவளுக்கு விசா எதற்கு? ரீச்சர் அவளுடைய பெயரைப் பட்டியலில் வெட்டிவிட்டார். அந்த வரியை வாசித்திருக்கக்கூடிய கொழும்புக் கந்தோர்க் கண்கள் எதிலும் அவளுடைய பாஸ்போர்ட் படவில்லை. போகும்போது தலைமன்னாரில் இருந்த அதிகாரி ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். போகிறவர்களை யார் மறிக்கப் போகிறார்கள்?

டில்லி. எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் கடல் இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரு துண்டு நீலம் வந்து நிற்கும். அங்கே தெரு முடிந்தால் இன்னொரு தெரு, அதற்கப்பால் பனிப்புகை. இருந்த கம்பளிச் சட்டைகளை மாறி மாறிப் போட்டுக்கொண்டு செங்கோட்டை பார்த்தோம், குதுப் மினார் பார்த்தோம். அங்கே ஒரு பழைய இரும்புத் தூண். முதுகைக் கொடுத்து நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்றார்கள்.

"நீ கட்டையடி, விடு. உனக்கு ஏணி வைச்சாலும் எட்டாது."

"வாயாலதான் உனக்கு எட்டும்."

ஒருத்திக்கும் எட்டவில்லை. அவளுக்கு எட்டியது. நெடிய கைகள்.

"பின்னை எட்டாதே? அவளின்ரை சொந்த நாடெல்லே" என்றாள் எங்களில் வாய்க்காரி. "சொந்தக்காரியைக் கண்டதும் தூணே மெலிஞ்சு போச்சு."

"ஓம், நீங்கள் எல்லாம் விருந்தாளியள்" என்றாள் அவள், தூணில் சாய்ந்தபடியே. "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

வயிறு நோகச் சிரித்தோம். அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இதுதான் என்ரை நாடெண்டு கடதாசியில இருக்கு. ஒரு ஆளிட்டத் தண்ணி கேக்கவும் எனக்குப் பாஷை தெரியாது. எப்ப வீட்டை போவம் எண்டிருக்கு."

"இன்னும் ஆறு நாள்" என்றேன்.

ஆறாம் நாள் கப்பல் தலைமன்னாருக்கு வந்தது. எட்டுப் பாஸ்போர்ட்டுகள் மேசையைக் கடந்தன. ஒன்பதாவதை அதிகாரி நெடுநேரம் வைத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஊறிப்போன அந்த வரியை ரீச்சருக்கு விரலால் தொட்டுக் காட்டி, இங்கிலீசில் விளக்கினார். நாட்டை விட்டு வெளியே போனால் இந்த அனுமதி முடிந்துவிடும், மறுபடி உள்ளே வர இது உதவாது. ரீச்சர் மன்றாடினார். பள்ளிக்கூடப் பிள்ளை என்றார், நாளைக்கு வகுப்பில் சோதினை என்று பொய்யும் சொன்னார். பாவம், ரீச்சருக்குப் பொய் வராது. அவளை அதே கப்பலில் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று.

அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பாட்டை நீயே போய்ச் சொல்லு. வேற ஆக்கள் சொன்னா அவர் நம்பமாட்டார்."

ரீச்சர் அவளோடு போனார். கப்பலில் வந்த மூதூர்க் கடைக்காரர் ஒருவரும் மனைவியும் எங்கள் எட்டுப் பேரையும் பொறுப்பெடுத்தார்கள். ரயிலில் அந்த அம்மா எங்களுக்கு வாழைப்பழம் உரித்துத் தந்துகொண்டே வந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்க்குள் ஏதாவது இருந்தால் கதைக்கத் தேவையில்லை.

திருகோணமலை ஸ்ரேசனில் அவளுடைய தகப்பன் வேலை உடுப்போடு நின்றார். எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எம் பாப்பா எங்க? சாமான எடுத்துட்டு வருதா?"

சொன்னேன். விடவில்லை என்றேன், ரீச்சர் கூட இருக்கிறா என்றேன், கெதியில் சரிவரும் என்றேன். ஏன் விடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டது இதுதான்:

"சாப்புட்டுச்சா?"

"ஓம் மாமா" என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது.

ரீச்சர் அவளை மதுரையில் தெரிந்த மடமொன்றில் விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வந்தார். அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதியது அப்பா. இரண்டு மாதத்தில் மறுப்பு வந்தது. அதை அப்பா அவள் தகப்பனுக்கு விறாந்தையில் வைத்து வாசித்துக் காட்டியபோது நான் அறைக்குள் இருந்தேன். புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன், தலைகீழாக அல்ல, ஆனாலும் ஒரு எழுத்தும் தெரியவில்லை. குமர்ப்பிள்ளையை அங்கே தனியே விட்டுவிட்டு இங்கே எப்படி இருப்பது? தாயும் தகப்பனும் தாங்களாகவே இந்தியாவுக்குப் போகப் பெயரைக் கொடுத்து, வருடம் முடிவதற்குள் புறப்பட்டார்கள்.

போவதற்கு முதல் நாள் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிசி. வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அவகிட்ட ஏதும் சொல்லணுமா பாப்பா?"

சொல்ல ஒன்று இருந்தது. ஒரே ஒரு வசனம். நான் அந்த வரியை வாசிக்கவில்லை என்ற வசனம். அவர் காத்துக்கொண்டு நின்றார், அவசரமில்லாமல், நான் ஏதோ பெரிய சேதி தரப்போகிறேன் என்பதுபோல.

"சோதினை மறுமொழி வந்தா எழுதுறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

மறுமொழி வந்தது. நான் பாஸ். விலாசமும் என்னிடம் இருந்தது. நான் எழுதவில்லை.