இரண்டு கல்யாணமும் ஓர் இத்தாலியச் சொல்லும்

‘இம்ப்ரோலியோ’ என்றால் என்ன என்று வாசகர் ஒருவர் போனில் கேட்டிருந்தார். போன வாரம் செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், இந்தப் பத்திக்காக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலிக்காரர்கள் கொடுத்த சொல். சிக்கவைப்பது, குழப்புவது என்பதுதான் வேர். எழுத்தில் ‘ஜி’ உண்டு, வாயில் வராது. ஆங்கிலத்தில் முதலில் தாறுமாறான குவியலுக்குச் சொன்னார்கள். அப்புறம் நாடகக் கதையில் விழும் முடிச்சுக்கு... இப்போது யாருக்கு யாரோடு தகராறு என்றே புரியாத எல்லாச் சிக்கலுக்கும் இதுதான் பெயர்.

உதாரணம் வேண்டுமே? பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான் என் சித்தப்பா மகன் கண்ணன்.

“எங்கடா தனியா?”

“ரஞ்சன்குடிக்குண்ணே. மலர கூட்டியாரப் போறேன்.”

மலர் அவன் மனைவி. அவளுடைய அண்ணனுக்குத்தான் கண்ணனின் தங்கை வள்ளியைக் கொடுத்திருக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம், செலவும் மிச்சம் என்று சாப்பிட்டுவிட்டு மெச்சியவர்களில் நானும் உண்டு. இப்போது வள்ளிக்கும் புருஷனுக்கும் ஒத்துவரவில்லை, தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். ‘உங்க பொண்ணு அங்க இருந்தா எங்க பொண்ணும் இங்கதான்’ என்று மலரை அவள் வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். எந்த ஊர் நியாயம் இது? நம் ஊர் நியாயம்தான்.

“எங்களுக்குள்ள ஒரு வார்த்த தடிச்சதில்லண்ணே. நேத்து அவளே போன் பண்ணுனா. நீங்க வந்து கூப்புடுங்க, வந்துடுறேன்னா.”

போயிட்டு வா என்றேன். சந்தோஷமாக இருந்தது.

அரியலூரில் இறங்கி, ரஞ்சன்குடிப் பக்கம் போகும் பெரம்பலூர் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட நின்றபோது சித்தி அவன் போனில் வந்தார். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

“தங்கச்சி இங்க அழுதுகிட்டு கெடக்கா. நீ பொண்டாட்டிய கூட்டியாந்து அவ கண்ணு முன்னாடி குடும்பம் நடத்துவியா?”

கண்ணன் போனைப் பையில் போட்டான். பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறுடா என்று தோளைத் தள்ளினேன்.

“அம்மா சொல்றதும் நெசந்தானண்ணே... வள்ளி மொகத்த எப்புடிப் பாக்குறது?”

பஸ் போய்விட்டது. அவன் செந்துறை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். போன் அடித்தது. மலர்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான் — எடுக்கவில்லை.

யாரைத் திட்டுவது? சித்தியையா? அழுகிற மகளை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்?

வள்ளியும் அவள் புருஷனும் என்றைக்காவது ராசியாகிவிடுவார்கள், சண்டை போட்டவர்கள்தானே. சண்டையே போடாத இந்த இரண்டு பேரும் எதைச் சொல்லி ராசியாவது?