கோழிக்கடையில் அளந்த சிறகு

தேவதைக்குச் சிறகு முதுகில் எந்த இடத்தில் முளைக்கும் என்று பார்ப்பதற்காக, ஐம்பத்து மூன்று வயதில், தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கண்டி மார்க்கெட் கோழிக்கடைக்குப் போனவன் நான். உரித்த கோழியைக் கவிழ்த்துப் போட்டு அளந்துகொண்டிருந்தபோது கடைக்கார நானா கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணன், வாங்கப் போறீங்களா, சட்டை தைக்கப் போறீங்களா?"

வெட்கத்தில் வாங்கிவிட்டேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

மனைவி இறந்துபோய் இரண்டு வருடமாகியிருந்தது. பதினாறு வயது மகள் அவளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் அறைக் கதவு சாத்தப்படும். உள்ளே, கூட்டாளிகளிடம் இரவல் வாங்கிய இங்கிலீஷ் நாவல்கள். எல்லா அட்டையிலும் சிறகு வைத்த ஒரு பையன், பின்னால் மேகம். சாப்பிடக் கூப்பிட்டால், "இருங்கப்பா, இப்பதான் செத்தா, மேல போய்க்கிட்டு இருக்கா" என்று குரல் வரும். முதல் தடவை பதறிப்போய்க் கதவைத் தட்டினேன். செத்தது கதாநாயகி.

ஒன்றைத் திருட்டுத்தனமாக எடுத்து, வீடு இருக்கும் கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் படித்தேன். அகராதியும் மலைப்பாதை வளைவுகளும் சேர்ந்து வாந்திதான் வந்தது. ஆனால் ஒன்று விளங்கியது. செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று இந்தப் பிள்ளை ஊரெல்லாம் கேட்கிறாள், என்னைத் தவிர. சரி, அவளுடைய அம்மா தேவதையாகத் திரும்பி வருகிற மாதிரி நானே எழுதுகிறேன். அதைப் படித்தாலாவது என்னோடு பேசுவாள்.

தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'தேவதூதர்' என்று போட்டால் சர்ச்சில் போடுகிற நத்தார் நாடகம் மாதிரி இருந்தது. 'ஆவி' என்றால் பிள்ளை லைட்டை அணைக்காமல் தூங்கும். நாங்கள் படத்துக்கு மாலை போட்டுத் திதி கொடுக்கிற ஆட்கள், எங்கள் வீட்டுப் பக்கம் செத்தவர்களுக்குச் சிறகு முளைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. 'தேவதை' என்றே வைத்தேன். அதற்குப் பிறகு கதைக்குள் மனைவி பறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மேகத்துக்கு அனுப்பினால் இரண்டு வரியில் இறங்கி வந்துவிடுவாள். கண்டி வாவிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்ற வைத்தேன். அந்தப் பந்தியை எழுதி முடிப்பதற்குள் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். நாலு தடவை கிழித்தேன். நாலு தடவையும் குசினிதான். எழுதுகிறவனுக்கே அடங்காத பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. அதனால் அச்சடித்து ரிங் போட்டுப் புத்தகமாக்குவது மட்டும் ஒழுங்காக நடந்தது. மகளின் மேசையில் வைத்தேன். ஒரு வாரம் வைத்த இடத்திலேயே கிடந்தது. அடுத்த வாரம் அதன் மேல் கணக்குக் கொப்பி ஏறியது. கேட்கவும் ரோஷம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "படிச்சியா?" என்றேன். "பாப்பம்பா" என்றாள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுதிய கதையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா சுட்டா தோசை ஓரம் கருகும். நீங்க எழுதுனதுல கருகவே இல்ல."

"கருகும்தான்" என்றேன்.

"கருகுனத அவங்களே எடுத்துக்குவாங்க. ஒங்களுக்குத் தெரியாது."

உண்மையாகவே எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பற்றி அவள் வாயைத் திறந்திருக்கிறாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். எழுத்தாளன் இல்லையா, கேட்டுத் தொலைத்தேன்.

"மத்தபடி கதை எப்புடி?"

அவள் பக்கங்களைப் புரட்டினாள்.

"மூணு எடத்துல ஒங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துறாங்க. ரெண்டு எடத்துல ஒங்க கண்ணாடியத் தேடிக் குடுக்குறாங்க. கடைசியில சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாங்க. செத்துப் போயும் அம்மாவுக்கு லீவு குடுக்க மாட்டீங்களாப்பா?"