வளையம் போட்ட உள்ளானும் பழவேற்காட்டுச் சேறும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் எல்லோரும் தூங்கப் போவார்கள். ஜனவரியில் நான் மட்டும் பறவை பார்க்கப் போவேன். இதற்கு வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. ஆனால் குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்திறங்கும் கரைப்பறவைகளைப் பார்க்க, நமக்குப் பக்கத்தில் பழவேற்காடு ஏரியைவிட நல்ல இடம் கிடையாது.

காலை மின்சார ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, சுமார் இருபது கிலோமீட்டர். நாஷ்டா முடித்து, தண்ணீர் வற்றிய சேற்றுப் பக்கமாக நடந்தேன். அங்கே வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஏழுமலை என்ற மீனவர், என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், நீ பட்சி பாக்கிற ஆளா? நேத்து வலையில ஒண்ணு மாட்டிக்கிச்சி. கால்ல வளையம் கீது. ஓனர் யாருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு சார்."

படகோரம் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினார். உள்ளே வளைமூக்கு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை. கைக்குள் அடங்கும் உடம்பு, நுனியில் லேசாக வளைந்த அலகு. முன்னால் சோறும் கம்பும் தொடாமல் கிடந்தன. கண் பாதி மூடியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"ஏங்க, நேத்தே விட்டிருக்கலாமே!"

"அதெப்படி உடறது? என் மச்சான் வியாசர்பாடில பந்தயப் பொறா உடறான். வளையம் போட்ட பொறா வழி தவறி வந்தா, புடிச்சி தீனி வெச்சி, ஓனர் கையில குடுக்கணும். அதான் மொறை. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

வந்த கோபம் அப்படியே அடங்கிவிட்டது. மனிதர் நாணயமாகத்தான் அதைப் பட்டினி போட்டிருக்கிறார்!

இதற்கு ஓனர் யாரும் இல்லை, பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் எண் பொறித்து மாட்டும் வளையம் இது என்றேன். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டு, குளிருக்கு இங்கே வரும் இனம். அலகைப் பார்த்தாலே சாப்பாடு தெரிந்துவிடும். இதைவிடச் சிறிய கொசு உள்ளான் சேற்றின் மேலாகக் கொத்தித் தின்னும். இது கொஞ்சம் உள்ளே குத்திப் புழு தேடும். நீண்ட அலகுக்காரர்கள் இன்னும் ஆழத்தில். ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி, ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் பிழைப்பது இப்படித்தான் என்கிறது அறிவியல். சோற்றை வைத்தால் அது என்ன செய்யும்? இன்னும் கூடைக்குள் இருந்தால் செத்துப்போகும் என்றேன்.

"ஐயையோ, பாவம் சார்!" கூடையோடு சேற்றுப் பக்கம் ஓடினார்.

நான் வளைய எண்ணைப் படமெடுத்ததும் அவர் பறவையைச் சேற்றில் விட்டார். அது அசையாமல் நின்றது. அவர் குத்துக்காலிட்டு, "துன்னு கண்ணு, துன்னு" என்று கெஞ்சினார். ரொம்ப நேரம் கழித்து அலகு ஒருமுறை சேற்றுக்குள் இறங்கியது. பிறகு நிற்கவேயில்லை. குத்திக்கொண்டே போய், அங்கே இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான் கூட்டத்தில் கலந்துவிட்டது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கிறேன் என்று பறவைக் கூட்டத்துக்குள் நடக்காதீர்கள். திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை அவை இங்கேதான் தின்று சேர்க்கின்றன. காயமில்லாத வளையப் பறவை கையில் கிடைத்தால் எண்ணைப் படமெடுத்துவிட்டு உடனே விடுங்கள்.

அந்த வளைய எண்ணை ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்ததும் ஏழுமலைக்குப் போன் போட்டுச் சொன்னேன்: சில வருஷங்களுக்கு முன் அதற்கு வளையம் போட்டதே பழவேற்காட்டில்தானாம். அவ்வளவு தூரம் போனாலும், பழகின சேற்றுக்கே திரும்பி வரும் வழக்கம் இவற்றுக்கு உண்டாம்.



"அப்ப அது நம்மூர் பட்சி சார்," என்றார். "அத்தப் போய் வழி தவறி வந்துச்சின்னு புடிச்சி வெச்சிட்டேனே."